லெல்லா ஷெரீஃபா பிடுங்கிய டிஸ்க்

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆலிவ் எண்ணெய் ஆலையில் அரவை தொடங்குவதற்கு முந்தின நாள், முதல் தடவையாக, ஆலைக் கணக்குக்கான ஒரு சர்வரை என்னிடம் தனியாக விட்டிருந்தார்கள். சொதப்பினால் என் சீனியர் முன்சிஃப் வந்து சரிசெய்வான். நான் மறுபடி அவன் பின்னால் கேபிள் சுமக்க வேண்டும். காலையில் போனில், "தெரியாட்டி கேளு நவ்ரஸ், வெக்கப்படாத. காபி குடிச்சிட்டு மெதுவா வரேன்" என்றான். அந்த 'மெதுவா'தான் என்னைப் பறக்க வைத்தது.

சிஸ்டத்தை ஏற்றும்போதே இரண்டு டிஸ்க்குகளையும் ஜோடி சேர்த்தேன். ஒன்றில் எழுதுவதெல்லாம் அந்தக் கணமே மற்றதிலும் பதியும். ஒன்று செத்தாலும் மற்றது வேலையை நடத்தும். ஜோடி சேர்ந்துவிட்டதாகத் திரையில் வந்ததும் தலை கிறுகிறுத்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஆலை முதலாளி லெல்லா ஷெரீஃபா, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்காமல் விலை சொல்லாதவள். சர்வரையும் தன் கையாலேயே சோதிப்பேன் என்றாள். காய் பொறுக்கும் பெண்களை அழைத்து வந்து நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து முதல் டிஸ்க்கை உருவினாள். திரை இமைக்கக்கூட இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

"சரி, இப்ப அணைச்சுத் திரும்பப் போடு. இங்க கரண்டு வரும் போகும்" என்றாள் லெல்லா.

பொத்தானுக்குப் போன கை நின்றது. இயந்திரம் விழிக்கும்போது முதலில் படிக்கும் சின்ன நிரல் துண்டு ஒன்று உண்டு. அது ஜோடிக்குள் வராது, இரண்டிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். குதூகலத்தில் முதல் டிஸ்க்கில் மட்டும் வைத்திருந்தேன். அந்த டிஸ்க்கால் லெல்லா இப்போது விசிறிக்கொண்டிருந்தாள்.

புது இயந்திரத்தை இன்று அணைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். பொய் அவ்வளவு சுளுவாக நாக்கு நுனிக்கு வந்தது எனக்கே ஆச்சரியம். ஆனால் அந்த விசிறல். சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வராது.

"அணைச்சா எழுந்திரிக்காது லெல்லா. ஓடுறதுக்கு ரெண்டுக்கும் சொல்லிக் குடுத்தேன். எழுந்திரிக்கிறதுக்கு உங்க கையில இருக்கறதுக்கு மட்டும்தான்."

"என் மாப்பிள்ளையும் அப்படித்தான். நிக்க வச்சா ஓடுவான், படுத்தா எழுந்திரிக்க மாட்டான். போ, இதுக்கும் சொல்லிக் குடு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் என் விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின. ஒருவழியாக இரண்டாவதிலும் துண்டை வைத்து, அணைத்துத் திரும்பப் போட்டேன். கறுப்புத் திரை. பயப்பட வேண்டிய நான், ஊஞ்சலின் உச்சியில் நிற்கிறவள்போல் இருந்தேன். எழுத்துகள் வந்தன. குலவையில் தகரக் கூரை அதிர்ந்தது.

முதல் டிஸ்க்கைத் திருப்பிச் செருக வேண்டும் என்று கை நீட்டினால், லெல்லா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றுதானே, ஒன்று வீட்டில் பத்திரமாக இருக்கட்டுமே என்றாள். வீட்டிலிருந்தால் அன்றன்றைய கணக்கு அதில் ஏறாது, வீட்டுக்கென்று வேறு ஒன்று தருகிறேன் என்று கெஞ்சினேன். வளையல் கழற்றுகிறவள்போல் கொடுத்தாள்.

செருகி முடிக்கும் முன் போன் அடித்தது. வரட்டுமா என்றான் முன்சிஃப். லெல்லா போனைப் பிடுங்கினாள்.

"பொண்ணு இங்க இருக்கா. நீ காபியக் குடி."