புல்லட்டின் பத்தியம்

மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை நாய் என்னும் உயிரினத்தை என்னளவுக்கு அறிந்தவர் எவரும் இல்லை. நாய்க்கு எதை வைத்தாலும் செரிக்கும். ரப்பர் செருப்பைத் தின்று செரித்த நாயை நானே பார்த்திருக்கிறேன். இதைக் கல்லூரியில் விளக்கிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன்.

அண்ணி ரேணுகாவுக்கு மட்டும் இந்த ஞானம் எட்டவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போன கௌதமன் அண்ணன் மூன்றாம் நாள்தான் பிணமாகக் கிடைத்தார். அவர் வளர்த்த நாய் புல்லட் வீட்டில் கட்டிக் கிடந்ததால் பிழைத்தது. அதற்குக் குட்டியிலிருந்தே மீன்சோறுதான். ஆனால் அந்த ஜனவரியில் எங்கள் பக்கம் யாரும் மீனைத் தொடவில்லை. கடலோடு போனவர்களை மீன் தின்றிருக்கும் என்றார்கள். நாய்க்கு வைக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. நிவாரண லாரியில் வந்ததெல்லாம் காய்கறி.

அண்ணி கேரட்டையும் பூசணியையும் உப்பில்லாமல் வேகவைத்து, மசித்து, ஆறவைத்து, சோற்றில் பிசைந்து வைப்பாள். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, உப்பும் வேண்டாம் என்று கால்நடை டாக்டர் சொன்னாராம்.

"உப்பளத்துல வேலை பாக்குற வீட்டுல நாய்க்கு உப்பில்லாத சோறா? பிள்ளை பெத்தவளுக்குக்கூட இவ்ளோ பத்தியம் கெடையாது அண்ணி."

"நீ சும்மா இரு தம்பி. அவரு இருந்தாருன்றதுக்கு இது ஒண்ணுதான் இருக்குது. இதுவும் போயிடுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"சாப்ட்டப்புறம் வெத்தலை பாக்கு உண்டா?"

அண்ணி சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. பானையில் தண்ணீர் தீர்ந்தால் நிரப்பினோம்.

இறப்புச் சான்றிதழுக்காக அண்ணி திண்டிவனத்துக்கு அலைந்த மூன்று நாளும் புல்லட் என் பொறுப்பு. முகாமில் கொடுத்த சாம்பார் சாதத்தை, சின்ன வெங்காயத்தோடு, தட்டு நிறைய வைத்தேன். நக்கித் துடைத்துவிட்டது. என் கொள்கை வென்றது.

ஐந்தாம் நாள் புல்லட் எழவில்லை. ஈறு வெளுத்திருந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது.

"நான் வச்ச கேரட்தான் ஒத்துக்கல போல," என்றாள் அண்ணி. "நானே கொன்னுட்டேன்." குரல் கொஞ்சமும் உடையவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த இடத்தில் என்னிடம் ஒரு கிண்டல் இருந்திருக்க வேண்டும். தேடினேன், இல்லை.

"கேரட் இல்ல அண்ணி. நான் சாம்பார் சாதம் வச்சேன். மூணு நாளும்."

"வெங்காயம் கெடந்துச்சா?"

"நெறைய."

திட்டியிருக்கலாம். அண்ணி வெளியே போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் ஊசி போட்டார். "வெங்காயத்துல ரத்தம் கெட்டுப்போச்சு. பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க. தொண்டைல எறங்குனா சாப்பாடு குடுங்க."

மறுநாள் காலையில் அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்துக் கேரட்டைத் தோல் சீவிப் போட்டேன். கை தானாக உப்புச் சாடிக்குள் போய் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து வைத்தேன். வெந்ததை விரலால் மசித்து ஊதினேன்.

பக்கத்து வீட்டு அப்பாதுரை வேலியருகே நின்றார். "இன்னாப்பா அறிவழகா, நாய்க்கு ஊட்டிவுடுறியா? தாலாட்டு எப்போ?"

"சாப்பிடட்டும்ங்க."

புல்லட் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, மறுபடி ஊதி, விரலை அதன் வாயருகே வைத்துக்கொண்டு இருந்தேன்.