பருத்திப்பட்டில் கட்டிய காப்பு

அந்த ரீங்காரம் முதலில் எங்கள் ஊர் பருத்திப்பட்டு ஏரிக்கரையில்தான் கேட்டது. பித்தளை அண்டாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஓயாத சத்தம். காதைப் பொத்தினாலும் நிற்கவில்லை. யுத்தத்துக்காக ஆவடியில் பட்டாளத்தார் கொட்டகை போட்டிருந்த சமயம் அது. அவர்களுடைய மோட்டாராக இருக்கும் என்று நினைத்தோம். அவர்களோ ஜீப்பில் வந்து, உங்கள் ஊரில் என்ன சத்தம் என்று எங்களைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. அம்மனுக்குத்தான் கோபம்.

பூசாரி துலுக்கானம் ஊருக்கே காப்புக் கட்டினார். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், அதை இறக்கும் வரை யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. முதல் ஆளாகக் கையை நீட்டியவர் என் வீட்டுக்காரர் செங்கல்வராயன். வேலையைத் தவிர எல்லாவற்றிலும் முந்திக்கொள்வார்.

மறுநாளே என் மகள் தாட்சாயிணிக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை வீங்கி, கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

"வண்டியப் பூட்டுய்யா. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்" என்றேன்.

"காப்பு கட்டிகினு எல்லையத் தாண்டறதா? ஊரே அழிஞ்சிடும்மே."

"ஊரு எங்கயும் போவாது. பொண்ணு பூடும்யா!"

அவர் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தார். "சத்தம் கொறையுது கேளு. ஆத்தா மனசு எறங்கிட்டா. சீக்கிரமே காப்ப எறக்கிடுவாங்கோ."

சத்தம் குறையவே இல்லை. பொய் சொல்லிவிட்டு அழுதார் மனுஷன். பாவம் பார்க்க எனக்கு நேரமில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

எல்லைக்கல்லருகே துலுக்கானமும் ஊர்ப் பெரியவர்களும் நின்றிருந்தார்கள். அடித்திருந்தால் திமிறிக்கொண்டு ஓடியிருப்பேன். அவர்கள் என் காலில் விழுந்தார்கள். "எங்க ஊட்லயும் புள்ளைங்க கீதும்மா" என்று துலுக்கானம் மண்ணில் கிடந்து கெஞ்சினார். அத்தனை பேரையும் மிதித்துக்கொண்டு போக எனக்குக் கால் வரவில்லை.

"இன்னாம்மா, திரும்பிப் போறோம்?" என்று தோளில் இருந்தவள் கேட்டாள். குரல் பாதிதான் வந்தது.

காப்பு இறக்குவதற்கு முன்பே போய்விட்டாள்.

காப்பு இறக்கியதும் நூம்பலில் இருக்கும் என் தங்கை எல்லம்மாவுக்குச் சேதி போனது. மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். "எனக்கு ஏன்க்கா சொல்லி அனுப்பல?"

"யாரு வர்றது? சத்தம் கேட்டுதுன்னு ஊர்ல காப்பு."

அவள் அழுகை நின்றுவிட்டது. "இன்னாக்கா சொல்ற? எங்கூர்லயும் அதே சத்தந்தான். எங்காத்தாளுக்குக் கோவம்னு நாங்களும் காப்பு கட்டிகினோம். வேப்பம்பட்டுலகூட கேக்குதாம்."

வாசலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. மணிக்கட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

துலுக்கானத்திடமும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எல்லா ஊர்லயும் கேக்குதுன்னா கோவம் ரொம்பப் பெருசு. திரும்பவும் கட்டணும்" என்றார்.

கட்டினார்கள். என் வீட்டுக்காரர் இந்த முறையும் முதல் ஆளாகக் கையை நீட்டினார். ரீங்காரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. அவரை நான் திட்டவில்லை. நானும் கையை நீட்டினேன். எல்லைக்கல்லைத் தாண்டிப் போக எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை.