முடிப்புக்குப் பூச்சியம்

சென்ட் லோரன்ட் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் பரீட்சையில் யாருமே எண்பதுக்குக் கீழே எடுத்ததில்லை. பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள், பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கும், ஆசிரியர் தாராளமாகப் போடுவார். இந்த வருடம்தான் ஆசிரியை நிரோஜா ஒரு புள்ளித்திட்டம் கொண்டுவந்தாள். வாரநாட்களில் லவாலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவளின் பழக்கம். உள்ளடக்கம், சரளம், சொல்வளம், முடிப்பு, ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே வீடுகளுக்கும் அனுப்பியிருந்தாள்.

மாணவி பிரஷாந்தினிக்கு நாற்பத்தாறு வந்தது. சித்தியடைய ஐம்பது வேண்டும்.

அதிபர் குணரத்தினம் தாளை எட்டிப் பார்த்தார். “நாலு புள்ளிதானே பிள்ளை, போட்டுவிடுங்கோ. இதிலை பெயிலெண்டால் தமிழ் வகுப்பை விடலாமெண்டு தாய்க்காரி சொல்லிப்போட்டாவாம். பெட்டை அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது.”

“தெரியும், சேர்.”

“தெரிஞ்சுகொண்டுமோ?”

அந்தப் பிள்ளையை இழக்க நிரோஜாவுக்கும் மனமில்லை. டவுன்டவுன் உணவகக் குசினியில் இரவு வேலை முடிந்து அப்பா திரும்பும் நேரத்தில்தான் தான் பள்ளிக்கூடம் போவதாகவும், மெட்ரோ வாசலில் மட்டுமே இருவரும் முகம் பார்ப்பதாகவும் பிரஷாந்தினி பரீட்சையில் திக்கித் திக்கிச் சொன்னாள். எந்தப் பெற்றோரும் எழுதிக் கொடுக்காத பேச்சு. உள்ளடக்கத்துக்கு இருபத்துமூன்று. ஆனால் நடுவில் ஒரு சொல்லைத் தேடி, கிடைக்காமல், அப்படியே தன் இடத்தில் போய் இருந்துவிட்டாள். முடிப்புக்குப் பூச்சியம். நாலு புள்ளியைச் சரளத்துக்குள் ஒளித்துவைக்கலாம். வைத்தால் அந்த இருபத்துமூன்றும் பொய்யாகிவிடும்.

தாளை எடுத்துக்கொண்டுபோய் வகுப்புக்கு வெளியே நடைபாதையில் நின்றவளிடமே கொடுத்தாள். பிரஷாந்தினி ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்து வாசித்தாள்.

“போன வருசம் எனக்குத் தொண்ணூற்றிரண்டு, ரீச்சர். அம்மா எழுதினது. ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

“இது நீ சொன்னது.”

“இருபத்துமூண்டு உண்மையோ? பாவம் பாத்துப் போட்டதோ?”

“பாவம் பாத்திருந்தால் கீழை பூச்சியம் போட்டிருப்பனோ?”

பெட்டைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “அப்ப நான் பெயில்.”

“ஓம். விடுறதெண்டால் விடலாம். திரும்பப் பேசுறதெண்டால் அடுத்த கிழமை பேசலாம். ஐம்பதுக்குக் கீழை எடுத்த ஆருக்கும் அது இருக்கு. நீயும் அம்மாவும் முடிவெடுங்கோ.”

வாசலில் தாய் யோகராணி விரலில் தொங்கும் கார்த் திறப்போடு வந்து நின்றாள். “என்னவாம்? பெயிலோ?”

“ஓம். ஆனா வகுப்பை விடேல்லை,” என்றாள் மகள். “அந்தப் பூச்சியம் எனக்குப் பிடிக்கேல்லை. அடுத்த கிழமையும் என்னைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

யோகராணி மகளின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். “நாலு புள்ளி போட்டுவிட்டிருக்கலாமே, ரீச்சர்?”

நிரோஜா வாய் திறப்பதற்குள் பிரஷாந்தினி தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். எதையோ வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதும், தலையாட்டி மாற்றுவதுமாகப் போனாள். நிரோஜா உள்ளே வந்து, அதிபர் பார்த்துக்கொண்டிருக்க, புள்ளிகள் பதியும் இடாப்பில் நாற்பத்தாறு என்று மையால் எழுதினாள்.