வலது காதுக்கு இரண்டு ஸ்பீக்கர்

அத்தையின் போனுக்கு சார்ஜ் ஏறி அது உயிர்பெற்ற மறு நொடி, சாப்பாட்டு மேஜைமேல் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்த ஹெல்மெட், "போன் கனெக்டெட்" என்றது. இயந்திரக் குரல்தான், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. நாற்காலிகளில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் அப்படியே நிறுத்திவிட்டுப் பையைப் பார்த்தார்கள். மருமகள் பைக்குள் கையை விட்டு, பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து, மூன்று எண்ணும்வரை அழுத்தி அதை அணைத்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது லேப்காரர்களின் நம்பர். அத்தையின் உடல் மதியம் மருத்துவமனையில் இருந்து வந்துவிடும், நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அத்தைக்கே கோபம் வந்திருக்கும்.

அத்தைக்கு அறுபத்தொரு வயது. சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. மாமா போன பிறகு அவருடைய வண்டியை விற்றுவிடலாம் என்று வீடே கூடி முடிவெடுத்தபோது, சத்தமில்லாமல் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றவர். எந்த அவசரத்திலும் வேகமுள்ளை நாற்பதுக்கு மேல் ஏறவிட மாட்டார். அதனால் லேபில் அவருக்கு ‘நாற்பது’ என்றே பெயர். பறக்கிற பையன்களின் பெட்டிகள் தாமதமாக வந்த நாட்கள் உண்டு; பதினான்கு வருடத்தில் நாற்பதின் பெட்டி தாமதமாக வந்ததாக ஒரு நாள்கூடக் கிடையாது. மருமகளுக்கு இதில் சொல்லி மாளாத பெருமை. பெற்ற தாயைப் பற்றிக்கூட அவள் வெளியில் இவ்வளவு பீற்றிக்கொண்டதில்லை.

அத்தைக்கு இடது காது கேட்காது. அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. "செவிடன் காதுல ஊதின சங்குங்கிறாங்களே, ஊதினவன் எந்தக் காதுன்னு பாத்தா ஊதினான்?" என்று கேட்டு எதிராளியின் வாயை அடைத்துவிடுவார். ஹெல்மெட்டுக்குள் ஒட்டுகிற ஹெட்செட் வாங்கியபோது, அதில் காதுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் இருந்தன. இடது பக்கத்தது வீண்தானே என்று இரண்டையும் வலது பக்கமே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டச் சொன்னவர் அத்தை. ஒட்டிக் கொடுத்தவள் மருமகள். சத்தத்தை ஒரு படிகூடக் குறைக்க விடமாட்டார். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூட, "இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்று கேட்கும்.

அந்த ஹெட்செட்டில் இரண்டு சாதனங்களுக்குத்தான் இடம். முதலில் சேர்வதை அது போன் என்று எடுத்துக்கொள்ளும், இரண்டாவதாகச் சேர்வதை வழிகாட்டி என்று. அத்தையின் வழிகாட்டிக் கருவியோ ஹேண்டில்பாரிலேயே பொருத்தப்பட்டது. சாவியைத் திருப்பினால் போதும், முந்திரிக்கொட்டை மாதிரி முதல் ஆளாகப் போய்ப் போனின் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனுக்கு இடமேது? வழி சொல்கிற குரல் மட்டும் வரும், அழைப்பு வராது. மருமகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி சரியான வரிசையில் சேர்த்துக் கொடுப்பாள். இரண்டே நாளில் அத்தை எதையாவது அழுத்திப் பழையபடி ஆக்கிவிடுவார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். அந்த வீட்டில் மாமியார் உடைத்ததெல்லாம் இந்த இணைப்பைத்தான். மகன் பத்து தடவை கூப்பிட்டும் எடுக்காமல் ஊரைச் சுற்றிவிட்டு வருவதற்கு அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையே வந்து ஹெல்மெட்டை நீட்டினார். லேபில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், கேட்கவில்லை. ஒரு குழந்தையின் ரத்தம் ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறது. "இனிமே எனக்கு போனும் வேணும், வழி சொல்றவளும் வேணும். உடையாத மாதிரி சேத்துக் குடு" என்றார். மருமகள் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் போனைச் சேர்த்தாள், பிறகுதான் கருவியை. கையுறையோடு பட்டனைத் தேட வேண்டாம் என்று, மூன்று முறை மணி அடித்தால் அழைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படியும் வைத்தாள். அந்தக் கடைசி வேலையைச் செய்திருக்க வேண்டாம் என்று நேற்றில் இருந்து நூறு தடவை நினைத்துவிட்டாள்.

ஏனென்றால் நேற்றுக் காலை பத்து நாற்பதுக்கு அவள் கணவன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான். பதினொன்று பத்துக்கு அத்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாரடைப்பு, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

ஹெல்மெட்டின் குரல் கேட்டதும் உள்ளறையில் இருந்த அவன் வாசல்வரை வந்து நின்றான். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினான். நேற்றில் இருந்து இது ஐந்தாவது முறை. அம்மாவைக் கூப்பிட்ட அழைப்பு, நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

"நாலு நிமிஷமும் திட்டிக்கிட்டே இருந்தேன்டி. வண்டியை வித்துத் தொலைன்னேன். ஊர்ல யார் அம்மா இப்படிச் சுத்துறாங்கன்னு கேட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசலை. ரோட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு."

"அது கனெக்டே ஆகியிருக்காதுங்க. அந்த ஹெட்செட் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே."

அவன் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினான். இப்போதுதானே ஊரறியச் சொல்லியது, கனெக்டெட் என்று. பொய் சொன்ன வாயால் உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அழைப்பைத் தானாக எடுக்கும்படி வைத்தது தான்தான் என்று சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

"அப்ப காதுக்குள்ளயே போயிருக்கு. அந்த ஒத்தைக் காதுல. ரெண்டு ஸ்பீக்கர்ல." போனைக் கட்டில்மேல் கவிழ்த்துவிட்டு, "கடைசியா அம்மா கேட்டது அதுதான்" என்றான்.

இந்த மனிதன் இனி ஆயுசுக்கும் இந்த நாலு நிமிடத்தைத் தூக்கிக்கொண்டு திரிவான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தானும்தான்.

அத்தையின் வண்டி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, யாராவது போய் எடுத்துவர வேண்டும் என்று கூடத்தில் பேச்சு வந்தது. சித்தப்பா முறையில் ஒருவர் எழுந்தார். மருமகள் முந்திக்கொண்டாள். சாவி, ஹெல்மெட் இரண்டையும் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் இறங்கிப் போனாள். அத்தை இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அத்தையின் வண்டியோடு இருப்பது தேவலை என்று தோன்றியது.

வண்டி எங்கும் விழவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்னால், நடைபாதைக்கு இடைஞ்சல் இல்லாமல், சைடு ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில் பூட்டி நின்றது. மழை வந்தால் நனையக்கூடாது என்று யாரோ இருக்கைமேல் அட்டையைப் போட்டிருந்தார்கள். அவள் அட்டையை எடுக்கவும் கடைக்காரர் வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். அவள் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை.

"பெட்டியை அப்பவே லேப்ல இருந்து வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. அவங்க நம்பரையும் உங்க அம்மாதான் பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க" என்றார்.

அம்மா இல்லை, மாமியார் என்று அவள் திருத்தவில்லை. நடந்ததை முதலில் இருந்து சொல்லச் சொன்னாள். அவர் உள்ளே கூப்பிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டார். அத்தை உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல்.

பத்தரை மணிவாக்கில் அத்தை வண்டியை நிறுத்தியிருக்கிறார். நெஞ்சு பிசைகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி இருக்கைமேல் வைத்தார். ஐஸ் பெட்டியை மட்டும் இறக்கி நிழலில் வைக்கச் சொன்னார். மருத்துவமனைக்குப் போகலாமா என்று இவர் கேட்டதற்கு, "நான் பொழுதன்னைக்கும் அங்கதான்பா இருக்கேன்" என்று சிரித்திருக்கிறார். பிறகு பேப்பர் கேட்டு வாங்கி, லேப் நம்பரை எழுதி, ஆள் அனுப்பச் சொல்லச் சொன்னார்.

"நான் போன் பண்ணிட்டு வெளிய வரேன், ஹெல்மெட்டுக்குள்ள இருந்து ஒரு ஆளு கத்துறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

மருமகள் நிமிர்ந்தாள்.

"ஹெல்மெட் எங்க இருந்துச்சு? தலையிலயா?"

"தலையில ஏது? வண்டி மேலதான் இருந்துச்சு. இவங்க இங்க, இந்த ஸ்டூல்ல. வித்துத் தொலைன்னு அங்க இருந்து சத்தம். ரோட்ல போறவங்க திரும்பிப் பாக்குறாங்க. நான் போய் அணைக்கவான்னு கேட்டேன். வேண்டாம்பா, அது என் பையன், முடிக்கட்டும்னாங்க. பாதியில நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பானாம்."

"கோபமா இருந்தாங்களா?"

"கோபமா? அடுத்தது அவன் என்ன கேப்பான்னு எனக்கு எடுத்துச் சொல்லிக்கிட்டே இருந்தாங்கம்மா. இப்ப பாரு, ஊர்ல யார் அம்மா இப்படின்னு கேப்பான்னாங்க. அதே மாதிரி கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அவங்களும் சிரிச்சாங்க. கடைசில ஒண்ணு கேப்பான், அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்னாங்க."

அந்தக் கடைசி ஒன்று என்ன என்று அவர் சொன்னார். அதற்கு அத்தை ஸ்டூலில் இருந்தபடியே ஹெல்மெட்டைப் பார்த்துப் பதில் சொன்னதையும் சொன்னார். அவ்வளவு தூரத்தில் இருந்து சொன்னது மைக்கில் விழுந்திருக்காது. பிறகு தண்ணீர் கேட்டார். இவர் உள்ளே போய் பாட்டிலை எடுத்து வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டிருந்தார். கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பும்போது வண்டியைப் பூட்டி, ஹெல்மெட்டையும் சாவியையும் இவர்தான் கூடவே கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மருமகள் அங்கேயே அழுது தீர்த்தாள். நேற்றில் இருந்து வீட்டில் எல்லோர் முன்னாலும் வராத அழுகை, முன்பின் தெரியாத மனிதரின் கடையில், இரண்டு பேர் அடையாள அட்டையை நகலெடுக்கக் காத்திருக்கும்போது வந்தது. சாகப்போகிற நேரத்தில்கூட இன்னொருவர் வீட்டு ரத்தத்தை நிழலில் எடுத்து வைத்த பெண்மணி தனக்கு மாமியாராக வாய்த்ததை நினைத்தாள். நகலெடுக்க வந்த இரண்டு பேரும் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

அத்தையின் ஹெல்மெட் அவளுக்குப் பெரிது. வலது காதில் இரண்டு ஸ்பீக்கரும் அழுத்தின, இடது பக்கம் வெறும் பஞ்சு. காலையில் அணைத்த பட்டனை மறுபடி அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பியதும் கருவி வந்து ஒட்டிக்கொண்டு, வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தது. தெரிந்த வழிதான். ஆனாலும் அது சொல்லச் சொல்லக் கேட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது உடல் வந்துவிட்டிருந்தது. கூடம் நிறைய ஆட்கள். லேபில் இருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். கணவன் தலைமாட்டில், யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தான். அவன் கையைப் பிடித்து எழுப்பி, சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஜெராக்ஸ் கடை, ஸ்டூல், வண்டிமேல் இருந்த ஹெல்மெட், எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினான்.

"காலையில கனெக்டே ஆகலைன்ன. இப்ப தலையிலயே இல்லைங்கிற. என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற, புரியுது. விடு."

"கடைசில, வண்டியில பெட்ரோல் இருக்கான்னு கேட்டீங்களா?"

அவன் அவளைப் பார்த்தான்.

"அதை நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"இல்ல. சொல்லலை."

"வித்துத் தொலைன்னு கத்திட்டு, இதையும் கேட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவன் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா என்ன சொன்னாங்க?"

"இருக்குடான்னாங்க."

வெளியில் இருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். நேரமாகிறது, தூக்கலாம் என்றார்கள். அவன் கதவைத் திறந்துகொண்டு கூடத்தைத் தாண்டி, அம்மாவின் பக்கத்தில் நிற்காமல், நேராகத் தெருவுக்குப் போனான். மருமகள் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

அவன் வண்டியில் இருந்த சாவியை உருவிப் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்தான். குனிந்து பார்த்தான். பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அவள் இப்போதுதான் அத்தனை தூரம் ஓட்டி வந்த வண்டி. லேப் ஆட்கள், சித்தப்பா, தெருக்காரர்கள் எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அவன் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, டேங்கின் பக்கமாகக் காதைச் சாய்த்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினான். உள்ளே பெட்ரோல் தளும்பியது. இன்னொரு தடவை ஆட்டிக் கேட்டுவிட்டு மூடியைப் போட்டுப் பூட்டினான்.