அற்புதராணியின் கொம்பனி

மதிலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பனரைத் தம்பிராசா அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விறாந்தையில் அவருடைய அக்கா அற்புதராணியைக் கிடத்தியிருந்தார்கள். பனரின் அடியில் ஜஸ்ரினின் கடைப் பெயர்.

"விடுங்கோ மாமா. அம்மா இருந்தா உந்தப் பனரை அவிழ்க்க விடமாட்டா," என்றாள் அக்காவின் மகள் நிவேதனா.

"உவன்தான் பிள்ளை எங்கடை கொம்பனியைத் திண்டவன்."

அவள் அவிழ்ந்த மூலையைத் திரும்பக் கட்டினாள்.

சண்டைக் காலத்தில், கரண்ட் என்றால் என்னவென்றே பிள்ளைகள் அறியாத நெல்லியடியில்தான் அக்கா கொம்பியூட்டர் கொம்பனி தொடங்கினாள். ஊர் சிரித்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினோடு டைனமோவைப் பூட்டி, மண்ணெண்ணெய்ப் புகைக்குள் நின்று கயிறு இழுத்தவர் தம்பிராசா. திரையில் வெளிச்சம் வந்தபோது அக்கா அவர் கையைப் பிடித்த பிடியில் அவளுடைய வளையல் உடைந்தது.

சண்டை ஓய்ந்ததும் சுன்னாகத்திலும் புத்தூரிலும் கிளைகள் வந்தன. அவர்கள் பாகம் பாகமாய்ப் பூட்டிக் கொடுத்த கொம்பியூட்டர் போகாத பள்ளிக்கூடம் அந்தப் பக்கத்தில் அருமை. பிறகு, அக்காவிடம் வேலை பழகிய ஜஸ்ரின் விலகித் தனிக்கடை போட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். விலையைக் குறைத்தார்கள். கிளைகள் பூட்டுப்பட்டன; கடைசியில் நெல்லியடிக் கடையும். ஆனால் விலகிப் போனவர்களின் ஒவ்வொரு கடைத் திறப்புக்கும் அக்கா போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

"வெக்கமாயில்லையோ உனக்கு?" என்று ஒருநாள் தம்பிராசா கேட்டார்.

"அப்ப ஒரு சாமான் பழுதானா, கேக்க ஆளில்லாமல் நிண்டனாங்களடா. இப்ப தெருவுக்குத் தெரு கடை. எல்லாம் என்ரை பிள்ளையள். இதுக்கு மேலை என்னத்தை வெல்லுறது?"

பறை முழங்கத் தொடங்கியபோது ஜஸ்ரின் வந்தான். அவனுக்குப் பின்னால், கடைகளைப் பூட்டிவிட்டு வந்த அத்தனை பேரும். சுன்னாகத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஜஸ்ரின் படலைக்குள் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றான்.

"அண்ணை, நானும் தூக்கலாமோ?"

தம்பிராசா அவன் முகத்தைப் பார்த்தார். தலை நரைத்திருந்தது.

"வா. முன்னுக்குப் பிடி."

பாடை நெல்லியடிச் சந்தியைத் தாண்டியது. தெரு கொள்ளாத சனம். பஸ்கள் ஒதுங்கி நின்றன. இரண்டு பக்கமும் பூட்டிய கொம்பியூட்டர் கடைகள்.

"ஆர் செத்தது? பெரிய ஆளோ?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஓம்," என்றார் தம்பிராசா, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "எங்கடை கொம்பனியின்ரை முதலாளி."

ஜஸ்ரின் கட்டையன். பாடை அவன் பக்கம் சரிந்தது. மற்றப் பக்கம் பிடித்திருந்த தம்பிராசா தன் தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்.