ஒத்திகைக்கு முன்னால் போட்ட கையெழுத்து

மதியச் சாப்பாட்டு இடைவேளையிலேயே அவள் சான்றிதழ்களை எழுத ஆரம்பித்துவிட்டாள். குளிர்பதனக் கிடங்கின் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையில் ஈரம் இருக்கிறதா என்று முழங்கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி, பதினெட்டுப் பேர். சான்றிதழின் வரிசை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, பெயர் எழுதி, ‘அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர்’ என்ற வரிக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசி ஒத்திகை முடிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் ஒத்திகை முடிந்த கையோடு எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ‘இன்னும் எழுதலையா’ என்று கண்ணாலேயே கேட்பார்கள். பத்து வருடம் பேக்கிங் பிரிவில் நின்று வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் அவள். அந்த அவசரம் அவளுக்குத் தெரியும். தவிர, இந்தப் பதினோரு வருடத்தில் ஒத்திகையில் யாரும் தேறாமல் போனதில்லை. சைரன் அடித்தால் வெளியே போக வேண்டும். இதில் தேறுவதற்கு என்ன இருக்கிறது?

பதினான்காவது பெயரை எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடும் ஆள் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. காலையில் வணக்கம் சொன்ன வேகத்தில் ஆரம்பித்தால், குளிர் அறைக் கதவின் ரப்பர், சம்சாரத்தின் தையல் மிஷின், தன் வலது முழங்கால் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போவார். இடையில் புகுந்து ஒரு கேள்வி கேட்க யாருக்கும் வழியில்லை. எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது. முதல் வரிசையில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே மாணவர். அந்தப் பெயரைக் கொஞ்சம் அழகாகவே எழுதினாள்.

மூன்று மணிக்கு ஒத்திகை. குளிரூட்டும் குழாய்களில் அமோனியா ஓடுகிறது. கசிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும், நின்று யோசிக்க நேரமிருக்காது. சைரன் அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, வாசல் மரத்தடியில் போய் நிற்க வேண்டும். அவள் இரண்டாம் குளிர் அறையின் கதவருகே நின்றுகொண்டு கை காட்டினாள். சைரன் அலறியது. ஆட்கள் வரிசையாக வெளியே நடந்தார்கள். ரேடியோ மட்டும் முதுகைக் காட்டியபடி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஓரத்தைத் தட்டி நேராக்கினார். அடுத்த பெட்டிக்குக் குனிந்தார்.

“ரேடியோ வேலை பண்ணியே தீருவாரு போல!” என்று வெளியிலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவளும் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தில் போனாள். திறந்திருந்த கதவு வழியாக சைரன் கத்திக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்று, “உங்க கோட்டு கிழிஞ்சிருக்கு” என்று உரக்கச் சொன்னாள். அவர் இன்னொரு பெட்டியைத் தூக்கினார். திரும்பியபோதுதான் அவளைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெறுமையானது. மறுகணமே, “இதோ மேடம், இந்த ஒரு வரிசை மட்டும் அரைகுறையா நிக்குதேன்னு பாத்தேன், நீங்க சொன்னீங்கல்ல, அரைகுறையா அடுக்கினா சரிஞ்சிடும்னு...” என்று ஆரம்பித்துவிட்டார்.

கிழிந்த கோட்டைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, தொட்டுப் பார்க்கவும் இல்லை.

சான்றிதழ் கொடுக்கும்போது பதினேழு பெயர்களைத்தான் கூப்பிட்டாள். கைதட்டலுக்கு நடுவே ரேடியோ எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வாங்கி முடித்ததும், தன் பெயரைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கைகளைப் பார்க்க அவளால் முடியவில்லை. “கொஞ்சம் வாங்க” என்று பக்கத்து ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போய், அவர் தன் முகத்தைப் பார்க்கும்படி வெளிச்சத்தில் நின்றுகொண்டாள்.

“எத்தனை நாளா?”

அவர் கதவைச் சாத்தினார். பேச்சு முதல்முறையாகத் தடுக்கியது. “மூணு வருஷம். வலது பக்கம் சுத்தமா போச்சு. இடது பக்கம் ஏதோ கிணத்துக்குள்ள பேசுற மாதிரி. வீட்ல அவளுக்குத் தெரியும். உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்க அவதான் பழக்கினா. வேற யாருக்கும் தெரியாது மேடம். உள்ள ஃபேன் ஓடுற சத்தத்துல எல்லாருமே செவிடுதானே. நான் மட்டும் என்ன புதுசா?”

“சைரன் கேக்கலையே.”

“மத்தவங்க ஓடினா நானும் ஓடுவேன்.”

“இன்னைக்கு எல்லாரும் ஓடினாங்களே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அவளுடைய உதட்டைப் பார்க்க முடியாது. இதற்கு மேல் எதையும் கேட்க வேண்டாம் என்று அவர் அப்படிச் செய்வது அவளுக்குப் புரிந்தது. நிமிரும்வரை காத்திருந்தாள்.

“நான் இப்போ தர மாட்டேன். ஆனா உங்களை இப்படியே விட்டுட்டுப் போகவும் மாட்டேன். நம்புங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்.”

“சொல்லிட்டீங்கன்னா என் வேலை போச்சு” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “திங்கட்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க மேடம். பதினெட்டுப் பேர்னு லிஸ்ட் போயாச்சு. அதான் எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டீங்களே, கொடுத்துட்டுப் போங்களேன்.”

“பதினேழுன்னு மாத்தி அனுப்புங்க. ஒவ்வொரு அறையிலயும் சைரனோட சேர்ந்து சுத்துற மாதிரி மஞ்சள் விளக்கு வைக்கணும். அவருக்குக் காது பரிசோதனை பண்ணணும். அதுவரைக்கும் வெளியில லாரி மேடையில வேலை கொடுங்க. ரிப்போர்ட்ல எழுதிடறேன்.”

“ஒரு ஆளுக்காகவா? நல்லாருக்கே. வேற டிரெய்னர் கிடைக்காமலா போயிடுவாங்க?”

அவள் பதினான்காவது சான்றிதழின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதினாள். அழகாக எழுதிய பெயரின் மேலேயே கோடு விழுந்தது. பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில், ‘ஒத்திகைக்கு முன்பே கையெழுத்திட்டது பயிற்சியாளரின் தவறு’ என்று தன்னையும் சேர்த்தே எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பழைய பதிவேடுகளை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காப்பியோடு வந்த கணவர் கதையைக் கேட்டுவிட்டு, “அவருக்குக் காது கேக்கலைன்னா அது உன் தப்பா?” என்றார்.

“இல்ல. கேக்குதான்னு பாக்காமலே கேக்குதுன்னு கையெழுத்துப் போட்டேனே, அது என் தப்பு. இதுல இன்னும் எத்தனை பேரோ.”

பக்கங்களைப் புரட்டினாள். பெயர், எண், தேதி. ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. கணவர் அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். “சரி, இனிமே என்ன பண்ணப் போறே?” என்றார். “மறுபடி ஒத்திகை வைக்கச் சொல்லி எல்லா இடத்துக்கும் எழுதப் போறேன்” என்றாள். அவர் ஒரு பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, விலாசங்களை வாசிக்க ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை மேனேஜரே ஃபோன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. “மேடம், ஒரு வீம்புக்குத்தான் செஞ்சு பாத்தேன். நேத்து ஆய்வுக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி, யார்கிட்டயும் சொல்லாம சைரனைப் போடச் சொல்லிட்டு ரெண்டாம் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நின்னேன். குல்லா போட்டு, ஃபேனும் ஓடுது. எனக்கே கேக்கலை. கூட இருந்த நாலு பேருக்கும் கேக்கலை. அன்னைக்குக் கதவைத் திறந்து வச்சிருந்தோம். மூணு மணிக்கு ஒத்திகைன்னும் எல்லாருக்கும் தெரியும். அதான் வெளிய வந்தாங்க.”

பேச்சு முடிந்த பிறகும் அவள் ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அவள் பார்த்தது ஒரு செவிடரை மட்டும்தான். அந்த அறைக்குள் போனால் எல்லோருமே செவிடர்கள்தான் என்று ரேடியோ சொன்னதை, கெஞ்சல் என்று நினைத்துக் காற்றில் விட்டிருந்தாள்.

விளக்குகள் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அவள் மறுபடி போனபோது ரேடியோ இடது காதில் சின்னதாக ஒரு கருவி மாட்டியிருந்தார். “கிணத்துல கொஞ்சம் தண்ணி மேல வந்திருக்கு மேடம்” என்றார். லாரி மேடை வெயிலில் முகம் கறுத்திருந்தது; அன்றுதான் மறுபடி குளிர் அறை வேலைக்குத் திரும்பியிருந்தார். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றும், முதல் இரண்டு நாள் கிண்டல் செய்தவர்கள் இப்போது முகத்துக்கு நேரே வந்து நின்று பேசுகிறார்கள் என்றும், அது என்னவோ மாதிரி கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

இந்த முறை ஒத்திகை நேரத்தை மேனேஜரைத் தவிர அவள் யாரிடமும் சொல்லவில்லை. சான்றிதழைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. இரண்டாம் அறையின் மூலையில் கோட்டுக்குள் ஒடுங்கி நின்றாள். கதவு சாத்தியிருந்தது. திடீரென்று பனிப்புகை முழுவதும் மஞ்சளாகச் சுழன்றது. முதலில் நிமிர்ந்தவர் ரேடியோதான். பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு எட்டு ஓடினார். நின்றார். அடுக்குகளுக்குப் பின்னால், விளக்கு எட்டாத இடுக்கில், குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு ஒருவர் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ திரும்பிப் போய் அவர் தோளில் ஓங்கித் தட்டி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அவள் பின்னாலேயே ஓடினாள். மரத்தடியில் எண்ணிப் பார்த்தபோது ஒருவரும் குறையவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தை மூன்று தரம் பார்த்துவிட்டு, “அந்த இடுக்குலயும் ஒண்ணு மாட்டிடலாம்” என்றார், யாரும் கேட்காமலே.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் புதுச் சான்றிதழை நிதானமாக எழுதினாள். எண், தேதி, பெயர். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து ரேடியோவின் முகத்தைப் பார்த்தாள். மை காயும் முன்பே அவர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் பையோடு வெளியே வந்தபோது அவர் மதிலில் சாய்ந்து நின்று, ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். திரையில் ஒரு பெண், பின்னால் தையல் மிஷின். அவர் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண் கையிலிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து மெதுவாக ஏதோ சொன்னாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள் போலிருக்கிறது. பயிற்சியாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மட்டும் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.