வேஸ்ட்டு என்று வெட்டிய பெயர்கள்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் மாடியறையில் ஒரு வீடியோ கடை. வெளியே பஸ்களின் ஹாரன் காதைக் கிழித்தது. உள்ளே நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. சுப்பராயலு வீட்டுக் கல்யாணம் ஒரு வீடியோ மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். விளைநிலத்தை மனை போட்டு விற்றுப் பெரிய மனிதரான சுப்பராயலு, கடை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சிட்டிபாபு, கல்யாண வீடியோல தாய்மாமன் பேரையே வுட்டுட்டியேப்பா! எம்மச்சான் மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறான். பன்னெண்டு மணிக்கு அவன் வூட்ல போட்டுக் காட்டியாவணும்."

"ஏறிக்கினே கீது சார். இந்த வாட்டி பேரை எடுத்ததுமே பெருசா போட்டுட்டேன்" என்றார் கடை முதலாளி சிட்டிபாபு. மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஏசுபாதம் தலையாட்டினார். பத்து வருஷமாக வெட்டுவதும் ஒட்டுவதும்தான் அவர் வேலை.

அப்போதுதான் சரோஜினி படியேறி வந்தாள். ஐம்பத்தைந்து வயது. கையில் மஞ்சள் பை, அதற்குள் சிட்டிபாபு வெளியிட்ட ஒரு வீடியோ கேசட். அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பாதி காற்றும் பாதி கரகரப்புமாகத்தான் குரல் வருகிறது. ஏசுபாதம் நாதஸ்வரத்தைக் குறைத்தார்.

"சார், இந்தத் தொடர்ல கதாநாயகிக்குக் குரல் குடுத்தது நான்."

ஏழு வருஷத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை வந்தால் தெருவே வெறிச்சோடிப் போகும், அப்படி ஓடிய டி.வி. தொடர் அது. நாயகி பம்பாய்ப் பெண், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. வீட்டுக்கு வீடு பெண்கள் மூக்கைச் சிந்தி அழுததெல்லாம் சரோஜினியின் குரலுக்குத்தான். அழுதவர்களில் ஒருத்தராவது அது யார் குரல் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. நாமும்தான் கேட்கவில்லை. குரல் போனது, வேலையும் கூடவே போனது. தாம்பரத்தில் ஒரு அறக்கட்டளை நலிந்த கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவுகிறது. அவள் அந்தத் தொடரில் வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பேசிக் காட்ட இவளிடம் குரல் இல்லையே! இன்று நாலு மணிக்குள் கொண்டுவராவிட்டால் அடுத்த வருஷம்தான்.

"அட்டையில 'பதின்மூன்று வாரமும் முழுமையாக'ன்னு போட்டிருக்கீங்க. கடைசி வாரம் கதை முடிஞ்சதும் படம் பட்டுனு நின்னுடுது. அதுக்கப்புறம்தான் பேர் வரும். அதுல என் பேர் இருக்கு சார்."

சிட்டிபாபு சிரித்தார். "அதெல்லாம் வேஸ்ட்டும்மா. பேர் ஓடறத எவன் பாக்கறான்? பதிமூணு வாரத்தையும் ஒரே கேசட்டுல அடக்கணும்ல? வேஸ்ட்ட வெட்டுனாதான் அடங்கும்."

அந்த அறையில் பெயர்ப் பட்டியலுக்கு வேறு சொல்லே கிடையாது. 'வேஸ்ட்டு எடுத்தாச்சா?' என்று முதலாளி கேட்பார். 'எடுத்தாச்சு சார்' என்பார் ஏசுபாதம்.

"சரி சார். ஒரிஜினல்ல இருக்குமில்ல? அந்தக் கடைசித் துண்டை மட்டும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க, போதும்."

ஏசுபாதத்தின் முகம் வெளுத்தது. "ஒரிஜினல் அஞ்சு கேசட்டு அக்கா. காலி கேசட்டு தட்டுப்பாடு. நாலுத்து மேல வேற கல்யாணம் ஏத்தியாச்சு. அஞ்சாவதுல கடைசி வாரம் மட்டும் இருந்துச்சு. அது..."

அவர் கண் மிஷின் பக்கம் போனது.

மேலே எதுவும் பதியக் கூடாது என்றுதான் தொடரின் தயாரிப்பாளர் கேசட்டின் முதுகிலிருந்த சின்னத் தகட்டை உடைத்துக் கொடுத்திருந்தார். உடைந்த ஓட்டையில் துளி செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை. ஏசுபாதம் ஒட்டியிருந்தார். சுப்பராயலு வீட்டுக் கல்யாணம் இப்போது அந்தக் கடைசி வாரத்தின் மேல்தான் ஏறிக்கொண்டிருந்தது.

"என் பேர் இருபத்தோராவது நிமிஷம். இப்ப எத்தனை?"

"பதினேழு."

"நிறுத்துங்க!"

"ஏசுபாதம், கைய வெக்காதே!" சிட்டிபாபு எழுந்துவிட்டார். "நடுவுல நிறுத்துனா மறுபடி மொதல்லேர்ந்து ஏத்தணும். மச்சான் பேரை வுட்டுட்டோம்னுதான் ரெண்டாவது வாட்டி ஏறுது, சார் பன்னெண்டு மணிக்குப் போவணும். ஒரு பேருக்காக இன்னாமா பேஜார் பண்றே?"

திரையில் மாப்பிள்ளைக்கு மாலை விழுந்தது. பதினெட்டு. சரோஜினி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பத்தொன்பது.

கடை வாசலில் விளம்பரத்துக்காக வைத்திருந்த டி.வி.யில் அந்தத் தொடர் கேசட்டேதான் ஓடிக்கொண்டிருந்தது. நாயகி கணவனைப் பார்த்து, "நான் இந்த வீட்டுல யாரு? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். மணி போன்ற குரல். அவள் கழுத்துக்குக் கீழே, 'சிட்டி வீடியோ, குரோம்பேட்டை' என்ற எழுத்து வலமிருந்து இடமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

சரோஜினி அந்தத் திரையைக் காட்டினாள். அவள் சொன்னதைக் கேட்க மூன்று ஆண்களும் குனிய வேண்டியிருந்தது.

"அவர் மச்சான் பேருக்காக ஒரு கல்யாணத்தையே ரெண்டாவது தடவை ஏத்தறீங்க. உங்க பேர் மணிக்கணக்கா ஓடுது. அந்தப் பொண்ணு முகத்துல ஓடுது, சாமி படத்து மேலயும் ஓடுது. என் பேர் மூணு செகண்டு சார். அது வேஸ்ட்டா?"

டி.வி.யில் அதே குரல் மறுபடி, "சொல்லுங்க" என்றது. சிட்டிபாபு திரையைப் பார்த்தார், சரோஜினியைப் பார்த்தார். அந்தக் குரலுக்கு அவர் மனைவியும் அழுதிருக்கிறாள். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏசுபாதத்தை விலக்கிவிட்டு அவரே பட்டனை அமுக்கினார். நாதஸ்வரம் அறுந்தது. "இருபதரை" என்றார் ஏசுபாதம், மூச்சுவிடாமல்.

கேசட்டை அங்கிருந்தே ஓடவிட்டார்கள். திரையெங்கும் புள்ளி புள்ளியாக இறைந்தது. பிறகு நாயகி வாசல் கதவைச் சாத்தினாள். இருட்டு. வெள்ளை எழுத்து வந்தது: 'கதாநாயகிக்குக் குரல்: சரோஜினி'.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். சுப்பராயலு எழுந்து நின்றுவிட்டார். "மச்சான் சாயங்காலமா பாத்துக்கட்டும்யா. மொதல்ல அம்மாவுக்குப் போட்டுக் குடு."

பத்து நிமிஷத்தில் காப்பி தயாரானது. சிட்டிபாபு அதை இரண்டு கையாலும் நீட்டினார். "தப்பாப் பூட்ச்சும்மா. நல்லவேளை, காப்பாத்திட்டோம்."

சரோஜினி வாங்கிக்கொண்டாள். ஆனால் கிளம்பவில்லை.

"அந்தோணிசாமின்னு ஒருத்தர் சார். தொடர்ல வர்ற அந்த வீடு பூரா செட்டு, மரத்துல செஞ்சது அவர்தான். இப்ப பக்கவாதம். அவரும் விண்ணப்பம் போட்டிருக்கார், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அவர் பேர் முதல் வாரத்துல மட்டும்தான் வந்துது. அவர் வீட்டுலேர்ந்து வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

முதல் வாரத்தின் மேல் பொத்தேரிக் கல்யாணம் ஒன்று ஏறி ஒரு மாதமாகிவிட்டது. அவள் படியிறங்கிப் போனாள்.

பிறகு சிட்டிபாபு அலமாரியில் அடுக்கியிருந்த கேசட்டுகளை எடுத்து, 'முழுமையாக' என்று அச்சடித்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார்.

"இன்னா சார் பண்றீங்க?" என்றார் ஏசுபாதம்.

"பேரை வெட்டிட்டு முழுசுன்னு வித்தோம் பாரு, அதுக்குப் பேரு வியாபாரம் இல்ல ஏசுபாதம், திருட்டு. ஒழைச்சவன் பேரும் அவன் கூலிதான். அத வெட்ட நாம யாரு?"